தட்டு நோன்பு திறந்த நாள்

பன்னீரில் ஊறிய "ஜாபரான்" என்கிற குங்குமப்பூ வாசனையும் சூளைப் புகையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு அது நோன்பு மாதம். அறுபதுகளில் விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கு வேறு காலண்டர் தேவைப்படவில்லை. அந்த வருஷம் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதால், இந்த முறை உரக்கத் தும்மக்கூடப் பயந்தாள். அவளுக்காகத் தினமும் சாயங்காலம் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து "பீங்கான் எழுதுவார்". வெள்ளைப் பீங்கான் தட்டில் நாணல் குச்சியால் ஜாபரானைத் தொட்டு, இறைவன் பெயர் சொல்லித் தொடங்கும் அரபி வாக்கியமான பிஸ்மியை எழுதி, ஓதி, ஊதி வைப்பார். நோன்பு திறக்கிற நேரத்தில் அம்மா அதில் தண்ணீர் ஊற்றி, எழுத்தைக் கரைத்து அக்காவுக்குக் குடிக்கக் கொடுப்பாள்.

பக்கத்தில் உட்கார்ந்து நான் எண்ணுவேன். பத்தொன்பது எழுத்து, நாலு புள்ளி. எண்ணாவிட்டால் ஒன்று குறைந்து அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கவலை.

அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, செராமிக் பட்டறையில் தட்டுக்கும் கோப்பைக்கும் "கிளேஸ்" ஏற்றுகிறவர். பளபளப்பு நிலைக்க வேண்டும் என்பதே அவர் பிழைப்பு என்பதால், அந்த எழுத்து கரைவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது.

"இவ்ளோ அழகா எழுதி, தண்ணியில வுட்டுடறீங்களே ஹஜ்ரத்."

"பாக்கறதுக்கு இல்ல பாய், உள்ள எறங்கறதுக்கு எழுதறேன்."

அத்தா கேட்கவில்லை. ஒருநாள் சூளையில் ஒருமுறை மட்டும் வெந்த, கிளேஸ் ஏற்றாத, ஈரத்தை உறிஞ்சுகிற தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். கொஞ்சம் கரையட்டும், கொஞ்சம் தட்டிலேயே நிற்கட்டும் என்று ஆசை. ஹஜ்ரத்துக்குக் கண் மங்கல், எழுதிவிட்டார். அம்மா தண்ணீர் ஊற்றினாள், விரலால் தேய்த்தாள், எழுத்து அசையவில்லை. தண்ணீர் தண்ணீராகவே நின்றது.

"எனக்கு எறங்க மாட்டேங்குதும்மா" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அத்தா தலை நிமிரவில்லை.

நோன்புக் கஞ்சிக்காக உட்கார்ந்திருந்த ஹஜ்ரத் தட்டை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "ஏன் பாய், பொண்ணுக்கு முன்னாடி தட்டு நோம்பு தொறந்துடுச்சே" என்றார். அழுகைக்கு நடுவே அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோன்பு திறக்கப் பாங்கு சொல்வதற்குள் அவர் டீ சாஸர் ஒன்றில் அவசரமாக எழுதித் தர, அவள் குடித்தாள்.

எழுத்து ஊறிய தட்டை உடைக்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. மறுநாள் அத்தா அதற்குக் கிளேஸ் கொடுத்துச் சூளையில் வைக்க எடுத்துப்போனார்.

"நெருப்புல எழுத்து போயிடுமே" என்றாள் அம்மா.

"போறதுக்குத்தான எழுதறாராம்" என்றார் அத்தா.

தட்டு வெள்ளை வெளேரென்று திரும்பி வந்தது. பெருநாள் கழிந்து பிறந்த பெண் குழந்தைக்கு அக்கா முதல் சோறு ஊட்டியது அதில்தான்.

அந்தக் குழந்தை இப்போது பேரன் எடுத்துவிட்டாள். அத்தாவும் இல்லை, அக்காவும் இல்லை. எங்கள் தெருவுக்குச் சூளைப் புகை வருவதில்லை. இப்போதுள்ள ஹஜ்ரத்துகளைப் பீங்கான் எழுதச் சொன்னால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். தட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம் வைக்க வெளியே எடுத்தால், கழுவி முடிக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

"வெறும் வெள்ளத் தட்டுக்கு இவ்ளோ பாடா மாமா? ஒடைக்க மாட்டேன், போய் உக்காருங்க" என்கிறாள் மருமகள்.

நான் நகர்வதில்லை. நுரை வழிந்து வெள்ளை தெரிந்ததும் வலப்பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறேன். நாலாவது புள்ளியும் வந்த பிறகுதான் உட்காருகிறேன்.