அலமாரிக்குப் பின்னால் ஒரு கதவு

எந்த வீட்டுக்குள் காலடி வைத்தாலும் கண்ணாடியம்மா கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"பின்வாசல் எங்கே இருக்கு?"

கூடத்தைப் பார்க்க மாட்டாள். வீட்டுக்காரர்கள் ஆசையாக இழுத்துப் போட்டிருக்கும் சோபாவில் உட்கார மாட்டாள். நேராகப் பின்வாசலுக்குப் போய், தாழ்ப்பாளை நீக்கி, கதவை முழுக்கத் திறப்பாள். மறுபடி சாத்துவாள். இன்னொரு முறை திறப்பாள். அதற்குப் பிறகுதான் கைப்பையிலிருந்து திசைகாட்டியும் அளவு நாடாவும் வெளியே வரும்.

வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்வது அவள் தொழில். ஃபெங் சுயி என்னும் சீன வாஸ்து விதிகளையும் கண்ணுக்கு இதமான அழகையும் ஒன்றாகக் குழைத்துத் தருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இருண்டு கிடக்கும் மூலையில் ஒரு கண்ணாடியை மாட்டி, எதிர் ஜன்னலின் வெளிச்சத்தைக் கையைப் பிடித்து அழைத்து வருவதுபோல் அங்கே கொண்டுவந்துவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். படுத்தால் கால் வாசலுக்கு நேராக நீளக்கூடாது என்று கட்டிலை நகர்த்துவாள். நகர்த்திய பிறகு அந்த அறை முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால் சுவர் வேண்டும், கண்ணுக்கு எதிரே வாசல் வேண்டும் என்பாள். சொன்னபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டவர்கள் அதைவிட்டு எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடப்பார்கள்.

ஆனால் அந்தப் பின்வாசல் கேள்வி? தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கு அது பெரிய மர்மமாக இருந்தது. ஏதோ பரம ரகசியம் என்று நினைத்து ஒவ்வொருவராக அவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் ஒரு வீட்டு அலங்காரப் பத்திரிகையில் இரண்டு பக்கத்துக்குக் கட்டுரையே எழுதிவிட்டார். கண்ணாடியம்மா அதைப் படித்துவிட்டுப் பத்திரிகையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அது அவள் நெஞ்சில் பதினான்கு வருடங்களாக ஆறாமல் கிடந்த ஒரு புண்ணிலிருந்து வந்த கேள்வி.

அவளுடைய சொந்த வீட்டைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். நடுவே ஒரு முக்காலி கிடையாது, ஒரு திரை கிடையாது. துடைப்பத்தைக்கூட அந்த வழியில் சாய்த்து வைக்க விடமாட்டாள். கைக்கடிகாரங்களைப் பழுது பார்க்கும் அவள் கணவருக்கு இது தீராத வேடிக்கை. "ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் அழகு பண்றே. நம்ம வீடு மட்டும் ரயில் நிலையம் மாதிரி இருக்கு. வண்டி எத்தனை மணிக்கு வரும்னு சொன்னா பெட்டியை எடுத்து வைக்கிறேன்" என்பார். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டி உள்ளே போனதேயில்லை என்று அந்த நல்ல மனிதர் கண்டுபிடிக்கவில்லை.

சில பிற்பகல்களில், மூன்று மணி வாக்கில், அவளுக்கு அந்தச் சத்தம் கேட்கும். ஆறு உலோகக் குழல்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் சத்தம். காற்றுமணி. அவள் வீட்டில் காற்றுமணியே கிடையாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பாள்.

"ஏங்க, உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லை."

அந்த ஒன்றுமில்லாத சத்தம் தொடங்கியது அவளுடைய முதல் வாடிக்கையாளரின் வீட்டில். வாடிக்கையாளர் என்று சொல்வதே பாவம். தொழிலுக்குப் புதிதாக வந்து, கையில் இரண்டு புத்தகமும் ஒரு திசைகாட்டியுமாக அவள் அலைந்துகொண்டிருந்த காலத்தில், "எங்க வீட்டைத் தர்றேன் அக்கா, உங்க இஷ்டப்படி பண்ணுங்க" என்று நம்பிக் கொடுத்தவள் அந்தப் பெண். நூலகத்தில் வேலை பார்த்தவள். வாயில் எப்போதும் ஒரு கேலி, கையில் எப்போதும் ஒரு வேலை. அவளுடைய ஒரே மகள், ஏழு வயதுச் சிறுமி, கண்ணாடியம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிடும்.

அந்த வீட்டில் ஒரு குறை இருந்தது. முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. உள்ளே வருகிற நல்ல சக்தி ஒரு நொடிகூடத் தங்காமல் பின்பக்கமாக ஓடிவிடும் என்று புத்தகம் சொன்னது. கண்ணாடியம்மா யோசித்தாள். பின்வாசலை மறைத்து, தரையிலிருந்து கூரை வரை ஒரு மர அலமாரி செய்ய வைத்தாள். கீழே இரட்டைக் கதவு, மேலே கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் சிறு விளக்கு. எதிரே அந்த ஆறு குழல் காற்றுமணி. வேலை முடிந்த அன்று அந்த நடைபாதை ஒரு நகைக்கடை மாதிரி மின்னியது.

நூலகப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "அழகுதான் அக்கா. ஆனா துணி காயப்போட வீட்டைச் சுத்திக்கிட்டு இல்ல போகணும்?"

கண்ணாடியம்மா அப்போது சொன்ன பதில் இன்றைக்கும் அவள் காதில் ஈயமாகக் கிடக்கிறது.

"நல்லது நடக்கணும்னா நாலடி அதிகமா நடந்தா என்ன?"

இரண்டே வருடம். ஒரு பிற்பகலில், மூன்று மணிக்கு, முன்கூடத்தில் மின்கசிவு. திரைச்சீலை பற்றி, சோபா பற்றி, முன்வாசல் முழுக்க நெருப்பு. மறுநாள் செய்தித்தாளில் ஏழெட்டு வரியில் ஒரு செய்தி. கணவர் மாடியிலிருந்து குதித்துக் கால் முறிந்து உயிர் தப்பினார். மனைவி, "தப்பிக்க வழியின்றி" புகையில் மூச்சுத் திணறி இறந்தார்.

தப்பிக்க வழியின்றி. அந்த இரண்டு சொற்களைக் கண்ணாடியம்மா எத்தனை முறை படித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. வழி இருந்தது. அந்த வழியில் அலமாரியைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்?

அவள் துக்கத்துக்குப் போகவில்லை. போகக் கால் வரவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். அந்தக் குழந்தை அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டாள். யாரையும் கேட்கப் பயம். அதே வாரத்தில் தகப்பனும் மகளும் வேறு ஊரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. அலமாரியைச் செய்த தச்சர் மட்டும் ஒரு நாள் மெல்ல வாயைத் திறந்தார். "அம்மா, அந்த வீட்டைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…"

"அந்த வீட்டுப் பேச்சை எடுக்கிறதா இருந்தா நாளையிலேருந்து வேலைக்கு வராதீங்கண்ணே" என்று அவள் கத்திவிட்டாள். சிநேகிதியை இழந்த வேதனை என்று அவர் நினைத்திருப்பார். அதற்குப் பிறகு நூறு வீடுகளில் ஒன்றாக வேலை பார்த்தும் அந்த ஒரு வீடு இருவருக்கும் நடுவே சாத்திய கதவாகவே நின்றது.

பதினான்கு வருடம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"பெரியம்மா, நான்தான். ஞாபகம் இருக்கா?"

குரல் அப்படியே அவள் அம்மா. இந்த ஊரிலேயே வேலை கிடைத்திருக்கிறதாம். வீட்டைச் சரி செய்து குடிவரப் போகிறாளாம். "எங்க அம்மாவுக்கு நீங்கதானே பண்ணிக் குடுத்தீங்க. எனக்கும் நீங்கதான் பண்ணணும்" என்றாள்.

மறுக்க ஆயிரம் காரணம் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த அலமாரியைத் தன் கண்ணெதிரே பிரித்துப் போடுவது. பிரித்துவிட்டு அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்வது: உன் அம்மாவைக் கொன்றது நெருப்பு இல்லையம்மா, நான். சொன்ன பிறகு அவள் காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு வருவது. தன்னைப் பெரியம்மா என்று கூப்பிட இந்த உலகத்தில் இருந்த ஒரே வாயை அன்றோடு இழப்பது.

போக வேண்டிய நாள் காலையில் தச்சரிடம் முகவரியைச் சொன்னபோது அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். வண்டியில் போகும்போது மூன்று முறை தொண்டையைச் செருமினார். "அம்மா, அந்த அலமாரி…"

"இன்னிக்கு மட்டும் ஒண்ணும் பேசாதீங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. அதே இடுப்பில் கை. "வாங்க பெரியம்மா. உங்களுக்கு முன்னாடி வீட்டலங்காரம் பண்றவங்க நாலு பேர் வந்தாங்க, நாலு பேரும் முதல்ல பின்வாசல் எங்கேன்னு கேட்டாங்க. என்ன, ஊர்ல எல்லாருக்கும் அவசரமா ஓட வேண்டியிருக்கா?"

கண்ணாடியம்மாவால் சிரிக்க முடியவில்லை. முன்கூடத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஆனால் நடைபாதையில் கால் வைத்ததும் பழைய புகையின் வாடை மூக்கில் ஏறியது. அதோ, அலமாரி. கண்ணாடித் தட்டுகள் கருத்துப்போய், ஒரு குருட்டு முகம் மாதிரி நின்றது. அதன் எதிரே கரி பிடித்த ஆறு குழல்கள் ஆடாமல் தொங்கின. மணி என்னவோ பதினொன்றுதான். அவள் உடம்பு முழுக்க மூன்று மணி அடித்துக்கொண்டிருந்தது.

"இதைப் பிரிக்கணும்" என்றாள். "அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. இந்த அலமாரியை இங்கே வைக்கச் சொன்னது நான். உங்க அம்மா சுத்திக்கிட்டுப் போகணுமேன்னு சொன்னா. நான் கேக்கலை. நான் மட்டும் வழியை அடைக்காம இருந்திருந்தா…"

அந்தப் பெண் புரியாமல் அவளைப் பார்த்தாள். பிறகு தச்சரைப் பார்த்தாள்.

"தாத்தா, நீங்க இன்னும் இவங்ககிட்ட சொல்லவேயில்லையா?"

தச்சர் அலமாரியின் முன்னால் மண்டியிட்டார். கீழே இருந்த இரட்டைக் கதவைத் திறந்தார். உள்ளே கையை விட்டு, பின்பலகையில் எதையோ திருகித் தள்ளினார். பலகை ஒரு கதவாகப் பின்பக்கம் விலகியது. அதன் பின்னால் பழைய பின்வாசல். அவர் அதன் தாழ்ப்பாளை நீக்கி ஒரு தள்ளுத் தள்ள, துருப்பிடித்த கீல் முனகிக்கொண்டே வெளிப்பக்கமாகத் திறந்தது. கொல்லைப்புற வெயில் அலமாரியின் அடித்தட்டில் சதுரமாக வந்து விழுந்தது.

"நீங்க வேலையை முடிச்சுட்டுப் போன மறுவாரமே கூப்பிட்டாங்கம்மா" என்றார் அவர். "குனிஞ்சு போற அளவுக்கு ஒரு வழி வெட்டித் தாங்கன்னாங்க. அக்கா ஆசையா செஞ்சது, வெட்டினது தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்க, அவங்ககிட்ட மூச்சு விடாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. அவங்க போனப்புறம் சொல்ல வந்தேன். நீங்க கேக்கலை. நீங்க இப்படி நினைச்சுக்கிட்டு இருப்பீங்கன்னு எனக்குத் தோணவேயில்லை."

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு ஜுரம், பள்ளிக்கூடம் போகவில்லை. புகை வந்ததும் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்த அடித்தட்டு வழியாக வெளியே தள்ளினாள். இரவு வேலை முடித்து மாடியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பத் திரும்பி உள்ளே போனாள். மாடிப்படி வரைதான் போக முடிந்தது. அம்மா கத்திய சத்தத்தில் அப்பா விழித்துக்கொண்டார்.

"வழி இல்லாம இல்லை பெரியம்மா. வழி இருந்தும் அம்மா திரும்பிப் போனாங்க."

கண்ணாடியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று மற்ற இருவரும் காத்திருந்தார்கள். வந்தது அழுகை இல்லை. பதினான்கு வருட மூச்சு. ஒரு சொல், ஒரே ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். துக்கத்துக்கு ஒரு நடை வந்திருந்தால் போதும். தாயில்லாத அந்தக் குழந்தையின் தலையை ஒருமுறை தடவியிருக்கலாம்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

முன்வாசலிலிருந்து வந்த காற்று நடைபாதை வழியாக ஓடி, அடித்தட்டில் புகுந்து, கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆறு குழல்களும் ஒன்றோடொன்று உரசின. "கேக்குதா?" என்றாள் கண்ணாடியம்மா.

"நல்லாவே கேக்குது. அம்மா இருந்தப்ப இது பகல் பூரா அடிச்சுக்கிட்டே இருக்கும்" என்றாள் அந்தப் பெண். "இந்தக் கதவை அம்மா சாத்தினதே கிடையாது."

சாத்தினதே கிடையாது. அப்படியானால் அந்த இரண்டு வருடமும் நல்லதெல்லாம் இந்த வழியாகத்தான் ஓடிப்போயிற்றா? வைத்ததை வைத்தபடி விட்டிருந்தால் அந்த நெருப்பே வந்திருக்காதோ? ஒரு பேய் இறங்கிய தோளில் இன்னொன்று ஏறப் பார்த்தது. படித்த புத்தகங்கள் எல்லாம் மண்டைக்குள் ஒரே நேரத்தில் பேசின. கண்ணாடியம்மா தலையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே இடுப்பில் கை வைத்து நின்ற பெண்ணைப் பார்த்தாள். இந்த வழியாக வெளியே போனதில் அவள் கண்ணால் பார்க்க முடிந்தது இந்த ஒருத்தியைத்தான்.

"அலமாரியைப் பிரிச்சுடலாமா?" என்று கேட்டார் தச்சர்.

"பிரிச்சுடுங்கண்ணே. கதவு முழுசாத் தெரியட்டும்."

"ரெண்டு வாசலும் நேரா இருக்கே பெரியம்மா? அதுக்கு ஏதோ பண்ணணும்னு அந்த நாலு பேரும் சொன்னாங்களே."

"நடுவுல ஒரு வட்ட மேசை போடலாம். மேலே ஒரு செடி. காத்து அதைச் சுத்தி நிதானமா வரும், பார்க்கவும் அழகா இருக்கும். மேசைக்குச் சக்கரம் வச்சிடுங்கண்ணே. ஒரு குழந்தை தள்ளினாலும் நகரணும்."

அளவெடுக்கக் குனிந்தபோதுதான் கவனித்தாள். அலமாரியின் அடித்தட்டு ஓரத்தில், புழுதியும் கரியும் மூடி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. துணி காயப்போடப் போகும்போது போட்டுக்கொள்கிற செருப்பு. வாசலருகே செருப்பு கிடந்தால் நல்லது வராது என்று எத்தனை வீடுகளில் எத்தனை பேரைக் கடிந்திருப்பாள்.

முந்தானையால் அவற்றைத் துடைத்தாள். பின்வாசல் படியில், யாரோ சற்று நேரத்தில் வந்து மாட்டிக்கொள்ளப் போவதுபோல், கொல்லையைப் பார்த்தபடி ஜோடியாக வைத்தாள்.

பின்னால் காற்றுமணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.