தேவநாதன் தூக்கிய வீடு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட தேவநாதன், விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் பஞ்சர் ஒட்டி, பிறகு டயர்க்கடை வைத்து, விழுப்புரத்தில் சொந்த வீடு கட்டிய ஆள். எவனிடமும் கைகட்டி நின்றதில்லை. அந்த மிடுக்கு அவருக்குத் தகும். பக்கத்து மனையில் தங்கை தையல்நாயகிக்கும் அவரே கட்டிக்கொடுத்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் சமையலறைக்குச் சமையலறை ஒரு கதவு. அண்ணன் வீட்டு மீன்குழம்பு தெருவைப் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டார்கள். தெரு உயர்ந்தது, வீடுகள் பள்ளமாயின. மழைக்காலம் வந்தால் சாக்கடைத் தண்ணீர் கூடத்தில் நிற்கும். வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே மேலே தூக்கிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் தூக்கிய நாளிலிருந்து தேவநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஒரே சுவருங்க. ரெண்டையும் சேத்துத் தூக்குனாத்தான் நல்லது" என்றார் மேஸ்திரி.

தையல்நாயகியின் மகள் பானுப்ரியா திண்டிவனத்திலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "பானுவுக்குப் பிரசவம் ஆவட்டும்ணா. தை பொறந்ததும் சேந்தே தூக்கிக்கலாம்" என்றாள் தங்கை.

"நீ மாசத்த எண்ணிக்கினு இரு. அதுக்குள்ள கண்டவனும் என்னை மேலருந்து பாப்பான்."

நடுச்சுவரை அறுத்து அவர் வீட்டை மட்டும் பிரித்தார்கள். வீடு நாலடி எழும்பியது. வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்திக் காட்டினார். கதவு இருந்த இடத்தில் புதுச்சுவர் வந்தது. வாசலும் கொல்லையும் மண் கொட்டி மேடாயின.

டிசம்பர் புயலில் அந்த மேட்டுத் தண்ணீரும் சேர்ந்து தங்கை வீட்டில் இறங்கியது. இடுப்பளவு. பச்சைக்குழந்தையைத் தோளுக்கு மேல் பிடித்துக்கொண்டு பானு வெளியே வந்தாள், பின்னால் தையல்நாயகி.

"மேல வா தையலு! படி இருக்குதே!" என்று கத்தினார் தேவநாதன்.

"படி விருந்தாளிங்களுக்குண்ணா. நமக்குன்னு கதவு இருந்துது. அத்த அடைச்சிட்ட."

எதிர்வீட்டுப் படியில் ஏறிப் போய்விட்டாள்.

தண்ணீர் வடிந்ததும் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு மகளோடு திண்டிவனம் போனவள், திரும்பவில்லை. தை வரைக்கும் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? அந்தக் கேள்வி தேவநாதனைத் தூங்கவிடவில்லை. மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்தில் போய் நின்றார்.

"உன் வீட்டையும் தூக்கிடலாம்மா. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"இன்னும் ரெண்டு வாட்டி ரோடு போட்டா நீ திரும்பவும் தூக்குவ. நான் உன் பின்னாலயே ஏறிக்கினு இருக்கணுமா? காபி ஆறுது, குடிண்ணா."

அதட்டியே பழகிய மனிதர், சொன்னபடி காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த மழைக்கு, பூட்டிக் கிடந்த தங்கை வீட்டைத் திறந்து, முழங்கால் தண்ணீரில் நின்று தானே மோட்டார் போட்டார். கொஞ்சம் வடிந்ததும் போன் செய்தார்.

"தையலு, உன் வீட்ல சொட்டுத் தண்ணி நிக்கல. ஜல்தி வந்துடும்மா."

"மோட்டார் சத்தம் கேக்குதேண்ணா."

அவர் போனோடு மோட்டாரை விட்டு நாலு எட்டு தள்ளிப் போனார்.

"நனையாத, உன் வீட்டுக்குள்ள போ" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

தேவநாதன் உள்ளே போகவில்லை. மோட்டாரையும் நிறுத்தவில்லை.