ஏழாவது கிரீனும் எங்கள் வீட்டுக் கும்பமும்

லண்டன் மழையைத் திட்டாத தமிழன் ஒருவன் இருந்தால் அது நான்தான். ஹரோவுக்குப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினொரு வருடமாகப் புல் பார்க்கிறேன். மகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் யாராவது என் வேலையை விசாரித்தால், மனைவி முந்திக்கொண்டு, "கோல்ஃப் கிளப்பிலை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவாள். கேட்டவர் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்து என் கையைப் பலமாகக் குலுக்கிவிட்டுப் போவார். புல் வெட்டுகிறவன் என்று சொன்னால் என்னவாம்? எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

அந்தக் கோடையில் ஏழாவது கிரீன் காய்ந்துபோனது. கிரீன் என்றால் பந்தை உருட்டிக் குழிக்குள் விழுத்துகிற மட்டமான புல்தரை; குழிக்கு ஒன்று இருக்கும். அதன் நடுவில் பாய் அகலத்துக்குப் புல் செத்துக் கிடந்தது. இலையுதிர்காலம் வந்தால் கிரீன்களைத் துளைத்து, மணல் தூவி, விதை போட்டுச் சரிப்படுத்துவோம். அதில் நான் எப்போதும் எடுபிடிதான். இந்த முறை எங்கள் தலைமைப் பராமரிப்பாளரிடம், ஏழாவதை முழுசாக என்னிடம் விடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன். வெள்ளைக்காரர் தாடையைச் சொறிந்துவிட்டுப் பத்து நாள் தவணை தந்தார். அதற்குள் முளைக்காவிட்டால் வெளியிலிருந்து புல் பாளங்களை எடுப்பித்து ஒட்டிவிடுவார். நான் பழையபடி, பந்து விழுந்து சிக்குகிற மணல் குழிகளை வாரிச் சமப்படுத்தப் போகவேண்டியதுதான்.

விதைத்து, நனைத்து, சூடு தங்குவதற்கு மேலே வெள்ளை விரிப்பைப் போர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று நவராத்திரி முதல் நாள். மனைவி சாமியறையில் தட்டத்தில் மண் பரப்பி, நவதானியம் தூவி, நடுவில் கும்பம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நானும் இண்டைக்கு விதைச்சனான்," என்றேன்.

"அப்ப பாப்பம், ஆரின்ரை முதல் முளைக்குதெண்டு."

மூன்றாம் நாளே அவளுடைய பயறு தலையை நீட்டிவிட்டது. "உங்கடை எப்பிடி?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. "உமக்கென்ன, வீட்டுக்குள்ளை ஹீற்றர். எனக்கு வெட்டவெளி," என்றேன்.

ஆறாம் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏன் சாப்பிடேல்லை?"

"ஒண்டும் வரேல்லையப்பா. காலமை விரிப்பைத் தூக்கிப் பாத்தன், மத்தியானம் பாத்தன், பின்னேரமும் பாத்தன். மணல்தான் கிடக்கு."

அகப்பையைக் கீழே வைத்தாள். "ஒரு நாளைக்கு மூண்டு தரமோ? ஐயோ கடவுளே! சூடு நிக்கத்தானே போர்த்தனீங்கள்? இடியப்பம் அவியேக்கை மூடியைத் திறந்து திறந்து பாத்தா அவியுமோ? இனித் தொடாதேங்கோ."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வேறொருவன் பார்க்கிற கிரீன் என்றால் நான் ஒரு தரமும் தூக்கியிருக்க மாட்டேன். தூக்குகிறவனை ஏசியும் இருப்பேன். என் பொறுப்பு என்று வந்ததும் பதினொரு வருடப் படிப்பும் பறந்துவிட்டது. அடுத்த நாட்களில் இலை ஊதும் இயந்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழாவதைச் சுற்றி வளைத்துத்தான் போனேன்.

பத்தாம் நாள் விஜயதசமி. கோயிலுக்குப் போவதற்காக மனைவி வேலைக்கு லீவு போட்டிருந்தாள். காலையில் சேலையும் பூவுமாக என்னோடு மைதானத்துக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தரம். தலைமைப் பராமரிப்பாளர் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தார், மற்றதை நான் பிடித்தேன்.

சுருட்டச் சுருட்டப் பச்சை தெரிந்தது. பிறந்த பிள்ளையின் தலைமயிர் மாதிரி மெல்லிய புல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு மூலையில் மட்டும் கையகலத்துக்கு வெறும் மணல். அந்த மூலையைத்தான் நான் தூக்கித் தூக்கிப் பார்த்திருந்தேன்.

இங்கே என்ன நடந்தது என்று அவர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் மனைவி இங்கிலீஷில் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, புல் பாளம் தேவையில்லை, இனி ஏழாவது உன் பொறுப்பு என்று என் முதுகில் தட்டினார்.

அடுத்த சனிக்கிழமை தமிழ் வகுப்பு வாசலில் புதிதாக வந்த ஒரு தகப்பன், "அண்ணை என்ன வேலை?" என்று கேட்டார். மனைவி வழக்கம்போல முந்திக்கொண்டாள்.

"புல்லு வளர்க்கிறார்," என்றாள். "கோல்ஃப் கிளப்பிலை ஏழாவது கிரீன் இவரின்ரைதான். ஒரு மூலையிலை மட்டும் சொட்டை."