காசியம்மாளின் குடமும் கவுஸ் பாஷாவின் கயிறும்

காரிமங்கலம் தகரக்கடை கவுஸ் பாஷா, ஏரிக்கரையில் ஊரே பார்க்க, அடுத்தவன் பெண்சாதியைப் புளியமரத்தில் கட்டிப்போட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் கேட்டால் ஒரு பெண். அதே பேச்சு பஸ் ஏறி கிருஷ்ணகிரி போய் இறங்கும்போது மூன்று பெண்கள். ஏரியூர்ப் பக்கம் போனால் ஏழு பெண்கள், கூடவே ஒரு சப்-இன்ஸ்பெக்டர். இன்னும் நாலு ஊர் தாண்டியிருந்தால் மிலிட்டரியே வந்திருக்கும்.

உண்மையில் நடந்தது வேறு. அதில் போலீஸ் கிடையாது. ஆனால் கயிறு உண்டு, மரமும் உண்டு. அதனால் யாரும் ஏமாந்துபோக வேண்டியதில்லை.

கவுஸ் பாஷா புனல் செய்வார், சிம்னி விளக்கு செய்வார், ஓட்டை அண்டாவுக்கு ஈயம் பற்றவைப்பார். வீட்டுக்குள் உருது, கடையில் தமிழ், சந்தை நாளில் கன்னடம், தெலுங்கு எது வேண்டுமானாலும். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது எண்ணெய் டின். காலி டின்னின் வாயைக் காற்றுப் போகாமல் பற்றவைத்துத் தருவார். அதைப் பிள்ளையின் முதுகில் கட்டிக் கிணற்றில் தள்ளினால் மிதந்துகொண்டே நீச்சல் கற்றுக்கொள்ளும். சுற்றுப்பட்டில் நீந்தத் தெரிந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் டின்னில் மிதந்தவர்கள்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

தருமபுரி தனி மாவட்டமாகி இரண்டாம் வருஷம், அறுபத்தேழில், ஓர் ஏரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி வைத்தார்கள். காசியம்மாள் மகன் முனியப்பன் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தான். நடுவில் ஒரு முறை தலை முங்கியது. நீந்துகிறவனுக்குத் தலை முங்கத்தான் செய்யும். காசியம்மாளுக்கு அது தெரியுமா? "அய்யோ எம் புள்ள!" என்று சேலையோடு குதித்தாள். பதினோரு வயசுப் பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கரையேறினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு தாய்மார் குதித்தார்கள். பள்ளிக்கூடத்தையே போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் டிரில் மாஸ்டர் கிருஷ்ணப்பன் தகரக்கடைக்கு வந்து நின்றார்.

"பாய், இந்த வருசமும் ஒரு ஆத்தா தண்ணியில கால வெச்சா நம்ம பள்ளிக்கூடத்துப் பேரையே அடிச்சிடுவாங்களாம். பசங்களுக்கு நான் சொல்லித் தந்துடுவேன். இந்தக் குடும்பங்களுக்கு யாரு சொல்லித் தர்றது?"

கவுஸ் பாஷாவின் மகன் உசேனும் அந்த வருஷம் போட்டியில் இருந்தான். டின்னுக்காரன் மகன் கரையில் நின்று வேடிக்கை பார்த்தால் கடையை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான்.

"நான் பொறுப்பு சார். எவ சேலையிலயும் ஒரு சொட்டுத் தண்ணி படாது" என்றார்.

சந்தைக்கு வரும் தாய்மாரைக் கடையில் நிறுத்திப் பாடம் நடத்தினார். முதல் சண்டை சாப்பாட்டில் வந்தது. போட்டியன்று காலையில் களி போடக் கூடாது, கஞ்சிதான் என்றார்.

"களி திங்காத எப்படிப் பாய் நீந்துவான்? காத்துல பறந்துற மாட்டான்?" என்றாள் காசியம்மாள்.

"பறந்தா பறக்கட்டும்க்கா. களி உள்ள போனா கல்லுக் கட்டுன மாதிரி கீழதான் போவான்."

"அப்ப பேரச் சொல்லியாச்சும் கூப்புடலாமா?"

"கூடவே கூடாது. போன வருசம் ஒருத்தி கூப்புட்டா. அவன் பாதித் தண்ணியில நின்னு 'என்னாம்மா?'ங்கறான். மாடு அவுத்துக்கிச்சான்னு வேற கேக்கறான்."

வாய்ப்பாடம் முடிந்து செய்முறைப் பாடம் வந்தது. காசியம்மாளை அவள் கிணற்று மேட்டிலேயே நிறுத்தி, முனியப்பனை முங்கச் சொன்னார். இருபது எண்ணும் வரை அசையக் கூடாது என்பது கட்டளை. நாலு எண்ணுவதற்குள் காசியம்மாள் கிணற்றுக்குள் இருந்தாள். வெற்றிலையை வாய் நிறையக் கொடுத்துப் பார்த்தார். வெற்றிலையோடு குதித்தாள். புருஷனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவனையும் இழுத்துக்கொண்டு குதித்தாள். அவனுக்கு நீச்சல் தெரியாது. அவனைத் தூக்க முனியப்பன் மறுபடி முங்க வேண்டியதாயிற்று.

நொந்துபோய் அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது நடந்தது. காசியம்மாள் நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறாள். கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு நிலக்கடலைக் கொல்லைக்குள் பாய்கிறது. அவள் ஓடவில்லை. கழுத்துக்கூட திரும்பவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி கன்றுக்குட்டியின் ஏழு தலைமுறையையும் வைதாள். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

கவுஸ் பாஷா எழுந்து நின்று, "யா அல்லா, மருந்து கிடைச்சிடுச்சு!" என்று கத்தினார்.

போட்டியன்று ஏரிக்கரையில் ஏழு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஏழு தலையிலும் ஏழு நிறைகுடம். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் ஏரித் தண்ணீர். சேலத்திலிருந்து விசில் ஊத வந்த அதிகாரி கிட்டே வந்து, "ஏம்மா, ஏரியே இங்க இருக்குதே, யாருக்குத் தண்ணி கொண்டாந்தீங்க?" என்று கேட்டார்.

"எறக்கி வெச்சா குதிச்சிருவோமுங்க" என்றாள் காசியம்மாள், பார்வையைத் திருப்பாமல். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கின மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார்.

கவுஸ் பாஷா தோளில் ஒரு தாம்புக்கயிறு கிடந்தது. குடத்தையும் மீறிக் காசியம்மாள் பாய்ந்தால் கட்டிப்போட வேண்டுமே என்று முன்ஜாக்கிரதை. காலையில் அவர் கயிற்றை எடுக்கும்போதே சம்சாரம் சுல்தானா கேட்டாள்: "ஊர்ப் பொம்பளைங்க தலையில எல்லாம் குடம் வெச்சீங்க. உங்க தலையில என்னா வெப்பீங்க?" அவர் சிரித்தார். வாத்தியாருக்கு யாராவது பாடம் சொல்வார்களா?

விசில் ஊதியது. எல்லைக்கு அவர் பற்றவைத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்த டின்கள்தான் மிதந்தன. அதைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். முனியப்பன் முதலில் சுற்றிவிட்டான். ஏழு குடமும் அசையவில்லை. கவுஸ் பாஷாவுக்குப் பெருமை தாங்கவில்லை. டிரில் மாஸ்டரைப் பார்த்து மீசையைத் தடவினார்.

அப்போது உசேன் டின்னுக்குப் பக்கத்தில் வந்தான். தலை முங்கியது.

ஒன்று. கவுஸ் பாஷா மீசையிலிருந்து கையை எடுத்தார். இரண்டு. பிள்ளையைக் காணோம். மூன்று. இந்த ஏரியில் சேறு அதிகம் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. நாலு.

"உசேனே!"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பாய்ந்தார். தண்ணீருக்கும் அவர் காலுக்கும் ஒரு முழம்தான் இருந்தது. பின்னாலிருந்து சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது.

"எங்க பாய் போறீங்க?"

"விடுக்கா! எம் பையன்!"

"இருவது எண்ணணும்னு சொன்னது யாரு?"

"அது உங்களுக்குச் சொன்னதுக்கா! விடு!"

காசியம்மாள் விடவில்லை. கொல்லையில் காளையை மடக்கும் கை அது. அவர் தோளில் கிடந்த கயிற்றையே உருவினாள். அவர் இடுப்பில் இரண்டு சுற்று, கரையோரத்து மரத்தில் இரண்டு சுற்று, கன்றுக்குட்டிக்குப் போடும் முடிச்சு ஒன்று. இத்தனையும் செய்யும்போது தலையில் குடம் அப்படியே இருந்தது.

பதினொன்றாவது எண்ணில் உசேன் டின்னுக்கு அந்தப் பக்கம் தலையைத் தூக்கி, ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துவிட்டு நீந்தினான். முனியப்பன் முதலாவது, உசேன் மூன்றாவது. தண்ணீரில் கால் வைத்த குடும்பம் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்தின் பேர் தப்பியது.

சந்தோஷத்தில் எல்லோரும் குடத்தை இறக்கிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கப் போனார்கள். கவுஸ் பாஷாவை அவிழ்க்க வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. பரிசு கொடுக்கும்போது அவர் மரத்தோடு நின்றே கை தட்டினார்.

தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு ஆண், ஒரு பெண், ஒரு மரம், ஒரு கயிறு தெரிந்தது. மீதியை அவரவர் சேர்த்துக்கொண்டார்கள். கவுஸ் பாஷாவும் மறுக்கவில்லை. பெண்பிள்ளையிடம் கட்டுப்பட்டு நின்றவன் என்பதைவிட, கட்டிப்போட்டவன் என்ற பேர் மீசைக்குப் பொருத்தமாக இருந்தது. எட்டு வருஷம் அந்தப் பேச்சைச் சிரித்தே வளர்த்தார்.

எழுபத்தாறில் முனியப்பனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பன் பென்னாகரத்திலிருந்து விசாரிக்க வந்தவர், ஒரு சந்தை நாளில் நேரே தகரக்கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மாப்பிள்ளையோட ஆத்தாளை நீங்கதான் புளியமரத்துல கட்டிப்போட்டீங்களாமே? அப்படிப்பட்ட எடத்துல எப்படிங்க பொண்ணக் குடுக்கறது?"

கவுஸ் பாஷா வேலையைக் கீழே வைத்தார். கடையில் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். மீசையை ஒரு தடவை தடவிப் பார்த்தார், கடைசித் தடவையாக.

"நான் யாரையும் கட்டிப்போடலைங்க. காசியக்காதான் என்னைக் கட்டிப்போட்டுச்சு. பரிசு குடுத்து முடியற வரைக்கும் அவுக்கவும் இல்ல. அப்புறம், அது புளியமரமும் இல்ல. வேப்பமரம்."