பெர்னடெட்டும் நிறுத்திவைத்த காசும்

குருநகரைத் தாண்டிக் கரையோரமாகப் போனால் அந்தோனியார்துறை வரும். எண்பது குடும்பம், ஒரு கோயில், நாற்பத்திரண்டு வள்ளம். அந்த ஊரில் அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்து வாசித்த ஒரே ஆள் பெர்னடெட்தான். வலையிலிருந்து நண்டு கழற்றிக் கழற்றி விரலெல்லாம் கீறல் விழுந்த கை அவளுடையது. அந்த விரலை வரிவரியாக ஓட்டிக்கொண்டு போய், ஆயிரம் ஊர்ப் பெயர்களுக்கு நடுவில் தன் ஊரின் பெயரைக் கண்டுபிடித்தாள். அந்தோனியார்துறைப் படகுப்பாதையை ஆழமாக்குதல் என்று இருந்தது. பக்கத்தில் தொகையும் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரங்கள் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பாதை வெட்டப்படுவது அவளுக்கு வெறும் ஊர்க்காரியம் இல்லை. ஆழமில்லாத பரவைக்கடல் மண் நிறைந்து தூர்ந்துபோய்க் கிடக்கிறது. சோளகக் காற்று வீசும் வெயில் மாதங்களில் தண்ணீர் வற்றி, மீன் பாரத்தோடு வரும் வள்ளங்கள் கரைக்கு அரை மைல் இருக்கும்போதே சேற்றில் குந்திவிடும். ஆண்கள் குதித்து இழுக்க வேண்டும், பெண்கள் கூடையோடு சேற்றில் இறங்கிப் போய் மீனைச் சுமந்து வர வேண்டும். இழுத்து இழுத்தே அவள் கணவன் றெஜிக்கு முதுகு நாரி போய்விட்டது. போன சோளகத்தில் மூன்று கிழமை பாயோடு கிடந்தான்.

"இந்த வருசமும் பாதை வெட்டாட்டி வள்ளத்தை வித்துப்போட்டு கொழும்பிலை வாச்சர் வேலைக்குப் போறன்," என்று சொல்லிவிட்டான்.

றெஜி வாய்க்கு வந்ததைச் சொல்லும் ஆள் இல்லை. இருபத்தெட்டு வருடம் கடலில் நின்றவன். அவன் ஆள் ஏற்றிப் போன வள்ளம் ஒரு நாளும் தரை தட்டியதில்லை என்று குருநகர் வரைக்கும் பேர். அவனிடம் இருந்த பெரிய சொத்தும் அந்தப் பேர்தான். அப்படிப்பட்டவன் காவல்காரனாக யாரோ ஒருவருடைய கேற்றைத் திறந்து மூடிக்கொண்டு நிற்பதைப் பெர்னடெட்டால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மார்கழியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய காசு, வைகாசி ஆகியும் வரவில்லை. மாதர் சங்கச் செயலாளர் என்ற உரிமையோடு அவள் கடற்றொழில் திணைக்களத்துப் படியேறினாள்.

"இன்னும் காசு வரேல்லை அக்கா," என்றார் எழுதுவினைஞர்.

அடுத்த மாதம் போனபோது பதில் கொஞ்சம் மாறியிருந்தது. "காசு இருக்கு அக்கா, நிப்பாட்டி வைச்சிருக்கு."

"ஆர் நிப்பாட்டினது?"

"மேலிடம்."

மேலிடம்! நாட்டின் நாடாளுமன்றமே கையுயர்த்தி ஒதுக்கிய காசு அது. அதற்கும் மேலே குந்திக்கொண்டிருக்கும் இந்த இடத்துக்கு ஒரு முகவரி இல்லையா, ஒரு வாசற்படி இல்லையா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கொப்பியைக் கிழித்து, ஒதுக்கிய காசு ஏன் செலவாகவில்லை என்று விசாரிக்கும் நாடாளுமன்றக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. இன்னொன்று எழுதினாள். மூன்றாவதற்கு, ஆவணி முதற்கிழமை நேரில் வரச்சொல்லிப் பதில் வந்தது. திணைக்களம் கொடுத்த விளக்கமும் அதோடு இணைக்கப்பட்டிருந்தது.

'தை மாதம் நேரில் அளக்கப்பட்டது. சராசரி ஆழம் ஐந்து அடி. உடனடித் தேவை இல்லை.'

பெர்னடெட் அதை இரண்டு தரம் வாசித்தாள். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மினுங்கும் சப்பாத்துப் போட்ட இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மாரி வெள்ளம் கடலில் நிறைந்து நின்ற காலம். வந்த விருந்தாளிகளைச் சேற்றில் இறக்கி நடக்கவிடுவது ஊருக்கு மரியாதையா? குருநகர்த் துறையிலேயே அவர்களை ஏற்றி, வள்ளக்காரருக்கு மட்டும் தெரிந்த, மீன் பாரத்தோடு வளைத்தெடுக்க முடியாத ஒடுங்கிய ஆழமான ஓடை வழியாக, சப்பாத்தில் ஒரு துளி படாமல் றெஜி கொண்டுவந்து சேர்த்தான். அளவுகோலை இறக்க வேண்டும் என்று அவர்கள் கேட்ட இடங்களிலெல்லாம், வள்ளம் தட்டாத இடமாகப் பார்த்து நிறுத்தினான். கரையில் பெர்னடெட் இடியப்பமும் நண்டுக்கறியும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "என்ன மாதிரி வள்ளம் ஓடுறார் உங்கடை மனிசன்!" என்று அதிகாரி சொன்னபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று றெஜியும் அவளும் ஊரின் தேவையைத் தாங்களே நன்றாக உபசரித்து, கண்ணில் படாமல் அனுப்பிவிட்டார்கள்.

றெஜி கடிதத்தை வாங்கி வாசித்தான். முகம் கறுத்துவிட்டது.

"அங்கை போய் ஓடையாலை கொண்டுவந்ததைச் சொல்லிப்போடாதை. அறிக்கை பொய்யெண்டு சொல்லு. றெஜிதான் பிழையா வழி காட்டினவனெண்டு நாலு பேர் சிரிக்க வேண்டாம்."

"பாப்பம்," என்றாள் பெர்னடெட். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கொழும்புக்கு ரயிலேறிப் போனாள். நாடாளுமன்றத்தின் குளிரூட்டிய அறையில், மொழிபெயர்ப்புக் கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு நீண்ட மேசையின் ஒரு மூலையில் இருந்தாள். எதிரே திணைக்களத்தின் பெரிய அதிகாரி. அவர் அறிக்கையை அட்சரம் பிசகாமல் வாசித்து முடித்தார். குழுத் தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இந்த அறிக்கை பொய்யா?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். றெஜியின் பேர் தப்பும். ஆனால் பொய்யென்று நிரூபிக்கச் சொன்னால் ஊரின் காரியம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அதைவிட, பொய் சொல்லி ஒரு நியாயத்தைக் கேட்க அவள் வாய் வரவில்லை.

"பொய்யில்லை ஐயா. ஐஞ்சு அடி இருந்தது உண்மை. ஏனெண்டா, என்ரை மனிசன் ஐஞ்சு அடி இருக்கிற இடத்திலை மட்டும்தான் வள்ளத்தை நிப்பாட்டினவர். வந்தவை சேத்திலை இறங்கக்கூடாதெண்டு நாங்கள் நினைச்சம். அது எங்கடை பிழை. இப்ப வந்து பாருங்கோ, எனக்குக் கணுக்கால் அளவும் தண்ணியில்லை."

மொழிபெயர்ப்பு முடிந்ததும் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அதிகாரி இதுதான் வாய்ப்பென்று நிமிர்ந்தார். "பிழை தங்களுடையது என்று அவரே சொல்கிறார்."

பெர்னடெட்டுக்கு றெஜியை விற்றுவிட்டோமோ என்று இருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிழை அவர்களுடையதாகவே இருக்கட்டும். இந்தச் சபை ஒதுக்கிய பணம் தேவையில்லை என்று நீங்கள் முடிவெடுத்தீர்கள். அதை எங்களுக்கு அறிவித்தீர்களா?"

அதிகாரி கோப்பைப் புரட்டினார். அதற்குள் அப்படி ஒரு கடிதம் இல்லை.

"தன் கணவருடைய பிழையைச் சொல்ல இந்த அம்மா நானூறு கிலோமீற்றர் வந்திருக்கிறார். உங்கள் முடிவைச் சொல்ல நீங்கள் ஒரு முத்திரைகூட ஒட்டவில்லை. நிறுத்திவைக்கும் அதிகாரத்தை உங்களுக்கு யார் தந்தது?"

பத்து நாளுக்குள் குழுவில் இரண்டு பேரும் அதே அதிகாரியும் நேரில் போய் மறுபடி அளக்க வேண்டும், தேவை இருந்தால் காசை உடனே விட வேண்டும் என்று அங்கேயே உத்தரவானது.

வீட்டுக்கு வந்தவளிடம் றெஜி ஒன்றைத்தான் கேட்டான். "என்ரை பேரைச் சொன்னியோ?"

"சொன்னன்."

"சிரிச்சவங்களோ?"

"சிரிச்சவை."

அதன்பிறகு அவன் அவளோடு கதைக்கவில்லை. வைத்த சோற்றைச் சாப்பிட்டான், கடலுக்குப் போனான், வந்தான். குழு வரும் நாளில் அவர்களை ஏற்றிவரப் பக்கத்து வீட்டுக் கொலின்ஸை அவள் ஒழுங்கு செய்துவைத்தாள். கணவனிடம் கேட்க அவளுக்கு முகம் இல்லை.

ஆனால் அன்று காலை றெஜி கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு குருநகர்த் துறைக்குப் போய், "இவையை நான் கொண்டுபோறன்" என்று கொலின்ஸை இறக்கிவிட்டான்.

ஊர் முழுக்கக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஓடை வளையும் இடத்தில் றெஜி வளைக்கவில்லை. கோயில் கோபுரத்துக்கு நேரே பிடித்து, எஞ்சினைக் குறைக்காமல் வந்தான். அரை மைலில் வள்ளம் சேற்றில் ஏறிக் குலுங்கி நின்றது. அவன் ஆள் ஏற்றி வந்து தரை தட்டிய முதல் வள்ளம் அது.

"சேர், இதுதான் எங்கடை துறை. இனி நடக்க வேணும்," என்று சொல்லிவிட்டு, நாரியைப் பிடித்துக்கொண்டு தானே முதலில் குதித்தான். அதிகாரி தன் சப்பாத்தைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், பிறகு கழற்றினார். அளவுகோலை யாரும் எடுக்கவில்லை. எல்லாருடைய முழங்காலிலும் ஒட்டிய சேற்றிலேயே அளவு இருந்தது.

காசு புரட்டாதியில் விடப்பட்டது, ஐப்பசி மழைக்கு முன் இயந்திரம் வந்து பாதையை வெட்டியது. இவ்வளவும் திணைக்களக் கோப்பில் இருக்கிறது. அன்று கரையில் நடந்தது அதில் இல்லை. சேறு வழிய நடந்து வந்த றெஜி, ஊரே பார்த்திருக்கப் பெர்னடெட்டுக்கு முன்னால் வந்து நின்றான்.

"இருபத்தெட்டு வருசத்துப் பேர் போயிட்டுது. இப்ப உனக்குச் சந்தோசமோ?"

"ஓம்," என்றாள் பெர்னடெட். அழுதுகொண்டே, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.