கெங்கம்மாளின் கழுத்து

செத்தவன் என் தம்பி. கூடப்பிறந்த அக்கா எனக்கே இல்லாத வயிற்றெரிச்சல் தெருவுக்கு எதற்கு? புருஷன் இருக்கும்போதே தாலியைக் கழற்றி அவனை வாரிக்கொடுத்தாள் கெங்கம்மாள் என்கிறீர்களே, ஏன் கழற்றினாள் என்று யாராவது கேட்டீர்களா?

எங்கள் தெருவுக்குப் பவர்லூம் வந்த வருஷம் அது, எண்பத்திரண்டு. அவளுக்கு அறுபது தாண்டியிருந்தது. வேலையாக இருக்கும்போதே இடது கண் இருண்டுபோகும். வலது கை துவண்டு விழும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் திரும்பிவிடும். மருமகள் கோமளவல்லி, "வேலைக்கு டிமிக்கி" என்று சிரித்தாள். மெட்ராஸ் டாக்டர் சிரிக்கவில்லை.

"கழுத்துல மூளைக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிகினு வருதும்மா. அறுத்துச் சுத்தம் பண்ணலேன்னா பக்கவாதம் வரும். பண்றப்பவே வந்தாலும் வரலாம்."

"இந்த வயசுல கத்தி எதுக்கு?" என்றான் மகன் நாகராஜன்.

"உங்க பாட்டி பக்கவாதத்துல கெடந்தப்ப பீ மூத்திரம் வாரினது நானு. எனக்கு வார்றது யாரு, உம் பொண்டாட்டியா?"

அந்தப் பாட்டி என்னைப் பெற்றவள். கெங்கம்மாள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் அன்று கழுத்தில் நூல்கூட இருக்கக்கூடாது என்றார்கள். தம்பி துளசிங்கம் முகம் வெளுத்தான். அவளே கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"வெச்சிகினு இருங்க. திரும்பி வந்தா கட்டுங்க."

"ரெண்டாந்தரமா? மொத தரம் மாட்டினதே போதும்டி."

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். பிழைத்தாள். கண்ணும் கையும் தப்பின. அந்தச் சந்தோஷத்தில் வேண்டுதல் தீர்க்க, மலையடியில் மொட்டை போட்டுக்கொண்டு படி ஏறினான் தம்பி. பாதியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவள் காயம் ஆறியதும் கட்டலாம் என்று வைத்திருந்த தாலி சட்டைப் பையில் இருந்தது. மார்வலியை மாசக்கணக்கில் மறைத்துவந்தான். அதை மட்டும் தெரு பேசாது.

பத்தாம் நாள் காரியத்துக்குக் கிழவிகள் கூடினார்கள். "அறுக்கணும்னா கழுத்துல இருக்கணுமே" என்றாள் ஒருத்தி. கோமளவல்லி மாமியாரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஆறாத காயத்தின் மேல் தாலியைக் கட்டி இறுக்கினார்கள். ரத்தம் கசிந்தது. "விடுங்கடி!" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா, ஊரு பேசும்" என்றான் நாகராஜன்.

கெங்கம்மாள் உதறிக்கொண்டு முடிச்சைத் தானே அவிழ்த்தாள்.

"கட்டறதுக்கு அவரு இல்ல. அறுக்கறதுக்கு நீங்க யாருடி?"

"புருஷன முழுங்கினவ வாயப் பாரு! இனிமே இந்த வூட்ல உனக்குச் சோறு கெடையாது" என்றாள் கோமளவல்லி.

கெங்கம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

தாலியை மடியில் செருகினாள். இடது கையால் கழுத்தை அழுத்திக்கொண்டு, துவண்டு விழுந்த அதே வலது கையால் கதவைத் தள்ளிவிட்டுப் போனாள்.