அம்பயர் கொடுக்காத அவுட்

தீபாவளிக்கு மறுநாள் விஸ்வநத்தத்தில் நடந்த இறுதிப் போட்டி அது. எங்கள் பட்டாசுக் கம்பெனி அணிக்கு நான் ஸ்கோர் எழுதினேன். விடுப்பில் ஊர் வந்திருந்த ராணுவ மேஜர் ஒருவர் எங்களுக்காக ஆடினார். ஒட்ட வெட்டிய முடி. ஒவ்வொரு பந்துக்கு முன்பும் காலரை நீவிக்கொள்வார்.

கடைசி விக்கெட், வெற்றிக்கு மூன்று ரன். மட்டை பிடித்த மேஜரைத் தாண்டிப் பந்து கீப்பர் கைக்குப் போனபோது தெருவில் சரவெடி வெடித்தது. அம்பயர் விரலை உயர்த்தவில்லை. மேஜர் மட்டையை இடுக்கிக்கொண்டு வெளியேறினார்.

"எங்கன போறீக சார்? யாருக்கும் கேக்கலையே," என்று மறித்தார் எங்கள் அணிக் கேப்டன்.

"மட்டையில பட்டுச்சுப்பா. எனக்குத் தெரியுமில்ல."

கோப்பை கைவிட்டுப் போனது. கேப்டன் என்னிடம் வந்தார்.

"அவரா வெளிய போனதாலதான் தோத்தோம்னு ஸ்கோர் நோட்டுல பெரிசா எழுதுங்கண்ணே. ஜெயிச்சவுகளுக்கு எழுத என்ன இருக்கு?"